காலணிப் பெட்டிக்குள் ஒரு கிறிஸ்துமஸ்: கட்டுபவர் கையிலிருந்து பிரிப்பவர் கைக்கு

செருப்பு வாங்கிய பெட்டியை நம் வீடுகளில் யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. மின்கட்டண ரசீதுகள், நூல்கண்டு, ஓடாத கைக்கடிகாரம் என்று எதையாவது போட்டுப் பரணில் ஏற்றிவிடுவோம். ஆயினும் அதே பெட்டியில் ஒரு குழந்தைக்குப் பண்டிகைப் பரிசை வைத்துக் கொடுக்கச் சொன்னால் கை சற்றுத் தயங்கும். காலில் போடுவது வந்த பெட்டியிலா பரிசு என்ற கூச்சம் நமக்கு உண்டு. அந்தக் கூச்சம் இல்லாத வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றில் தொடங்கிய ஒரு முயற்சி, பின்னர் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், 1993 முதல் இன்றுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை 170-க்கும் அதிகமான நாடுகளின் குழந்தைகளுக்கு அனுப்பியிருக்கிறது. ‘ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்ட்’ என்ற அந்தத் திட்டமே இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு.

நிறுவனத்தின் வரலாற்றை முழுமையாக எழுதுவது என் நோக்கமன்று. ஒரு குடும்பம் தன் வீட்டு மேசையில் வைத்துக் கட்டும் பெட்டி, அக்குடும்பம் ஒருநாளும் பார்க்கப்போகாத குழந்தையின் கைக்குப் போகும்போது எந்த இடத்தில் பரிசாக நிலைக்கிறது, எந்த இடத்தில் தவறுகிறது என்பதைப் பொருள் பொருளாகப் பார்ப்பதே நோக்கம். கட்டுபவருக்கும் பிரிப்பவருக்கும் இடையில் இருக்கும் தொலைவுதான் இந்தப் பெட்டியின் நல்லது கெட்டது இரண்டுக்கும் காரணம் என்பது, பார்த்து முடித்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு.

ரெக்ஸமில் தொடங்கியது

1989 டிசம்பரில் ருமேனியாவில் கம்யூனிசச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று அவரும் அவருடைய மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்நாட்டுக்குள் நுழைந்த தொலைக்காட்சிக் குழுக்கள் அரசு அனாதை இல்லங்களைப் படம் பிடித்து வெளியிட்டன. மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966-இல் பிறப்பிக்கப்பட்ட 770-ஆம் எண் ஆணை கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்திருந்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் விட்டுச் சென்ற குழந்தைகளால் அந்த இல்லங்கள் நிரம்பி வழிந்தன. அந்தக் காட்சிகளைப் பார்த்த டேவ் குக், ஜில் குக் என்ற தம்பதியர் 1990-இல் வேல்ஸின் ரெக்ஸம் நகரில் பொருள் திரட்டி, கிறிஸ்துமஸுக்கு லாரிகளில் ருமேனியாவுக்கு அனுப்பினர். குழந்தைகளுக்கான பரிசைக் காலணிப் பெட்டியில் வைத்துத் தரும் வழக்கம் அங்கே உருவானது.

காலணிப் பெட்டி ஏன் என்ற கேள்விக்கு எளிய விடை, அது எல்லார் வீட்டிலும் காசில்லாமல் கிடைக்கும் என்பது. அதைவிட முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டி, கொடுப்பவரின் தாராளத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் ஒரே நேரத்தில் எல்லை கட்டுகிறது. வசதி படைத்தவர் மிதிவண்டி வாங்கிக் கொடுத்துப் பக்கத்துக் குழந்தையின் முகத்தை வாடவைக்க முடியாது. மனமில்லாதவர் ஒரே ஒரு பென்சிலைப் போட்டால் பெட்டி கலகலவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். 4 வயதுக் குழந்தைகூட இரு கைகளாலும் அணைத்துத் தூக்கக்கூடிய அளவு அது. லாரியில் அடுக்குவதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

1993-இல், போஸ்னியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பூன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பு இந்த முயற்சியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மதபோதகர் பில்லி கிரகாமின் மகன் ஃபிராங்க்ளின் கிரகாம் அதன் தலைவர். அந்த ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்த 28,000 பெட்டிகள் போஸ்னியா அமைந்துள்ள பால்கன் பகுதிக்குச் சென்றன. அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 1 கோடிக்கும் மேல் சேர்கின்றன.

எதை வைக்கக் கூடாது

பெட்டி கட்டுவோருக்குத் தரப்படும் அறிவுறுத்தலில் எதை வைக்கலாம் என்ற பகுதியைவிட எதை வைக்கக் கூடாது என்ற பகுதியே நமக்கு அதிகம் சொல்லித் தருகிறது. தின்பண்டம் கூடாது, மிட்டாய், சாக்லேட், சூயிங்கம், எதுவும் கூடாது. பற்பசை கூடாது. ஷாம்பு, குழைமம் (லோஷன்), சோப்புநீர்க் குமிழி போன்ற திரவங்கள் கூடாது. மருந்தும் விட்டமின் மாத்திரையும் கூடாது. கண்ணாடி போன்று உடையக்கூடியவை கூடாது. விதைகள் கூடாது. பயன்படுத்திய பொருள் கூடாது. பொம்மைத் துப்பாக்கி, கத்தி, படைவீரர் உருவங்கள் ஆகியவை கூடவே கூடா.

ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் பெட்டி கடக்கப்போகும் பாதையின் ஏதோ ஓரிடம் இருக்கிறது. மிட்டாயும் பற்பசையும் நெடுங்காலம் பெட்டியில் இடம்பெற்றிருந்தவை. பெட்டியில் எஞ்சும் சந்துகளை மிட்டாயால் நிரப்புவது பலருடைய பழக்கமாக இருந்தது. பெறும் நாடுகளின் சுங்க விதிகளால் 2017 முதல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். உணவுப்பொருள் ஒன்றே ஒன்று இருந்தாலும் சுங்க அதிகாரி கொள்கலன் முழுவதையும் நிறுத்திவைக்க முடியும் என்னும்போது, ஒரு குழந்தையின் வாயில் கரையவேண்டிய மிட்டாய் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பெட்டியைத் துறைமுகத்தில் கிடத்திவிடும். திரவத்தின் குற்றம் இன்னும் எளிது: மூடி கழன்ற ஒரு ஷாம்புக் குப்பி தன் பெட்டியோடு நிற்காமல் அடுத்த பெட்டியின் நோட்டுப் புத்தகத்தையும் நனைக்கும். பொம்மைத் துப்பாக்கிக்கான தடையை, போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கே தொடக்க காலப் பெட்டிகள் போயின என்பதை நினைத்தால் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

பயன்படுத்திய பொருள் கூடாது என்ற விதியைக் கடுமையானது என்று சிலர் குறைசொல்வதுண்டு. நல்ல நிலையில் உள்ள பொம்மையைக் கொடுப்பதில் என்ன தவறு என்பது அவர்கள் கேள்வி. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபின் நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் போய்ச் சேர்ந்த பழைய துணிகள், எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததைப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வி எழ வேண்டியதில்லை. நேற்றுவரை உழைத்துச் சம்பாதித்து உடுத்தியவர்களுக்கு, ஊர்பேர் தெரியாதவர் உடுத்திக் கழித்த துணி நிவாரணமாகத் தோன்றவில்லை. குழந்தையும் அப்படித்தான். பிரிக்கும்போது வரும் புதுமணம் பரிசின் ஒரு பகுதி.

வயது என்னும் கணக்கு

பெட்டியின் மேல் ஆணா பெண்ணா என்றும், 2–4, 5–9, 10–14 ஆகிய மூன்றில் எந்த வயது என்றும் குறித்த சீட்டை ஒட்டவேண்டும். குழந்தையைப் பற்றிக் கட்டுபவருக்குத் தெரிவது இவ்வளவுதான். பெயர் தெரியாது, மொழி தெரியாது, ஊர் மலையா பாலையா என்பதும் தெரியாது.

சிறு வயதுப் பிரிவில் விதி தெளிவாக இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது. அமெரிக்காவின் பொம்மைப் பாதுகாப்பு விதியின்படி 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையின் எந்தப் பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் அது குழந்தையின் தொண்டையிலும் அடங்கும் என்பது கணக்கு. பெட்டியில் 2–4 என்று எழுதியிருந்தாலும், வாங்கிப் போகும் வீட்டில் ஒரு வயதுத் தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே பொருளைத் தேர்வது நல்லது. கோலி, ஊதாத பலூன், எளிதில் திறக்கும் பேட்டரி மூடியுள்ள பொம்மை ஆகியவற்றை அந்தப் பெட்டியில் நினைத்தே பார்க்கக் கூடாது.

10 முதல் 14 வயது வரையிலான சிறுவர்களுக்கான பெட்டிகள்தாம் எப்போதும் குறைவாகச் சேர்கின்றன என்று திட்டத்தார் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறார்கள். கடைக்குப் போனால் இதன் காரணம் விளங்கும். 6 வயதுச் சிறுமிக்கான பொருள் கண்ணைப் பறிக்கிறது, விலையும் குறைவு. 13 வயதுப் பையனுக்கு என்ன வாங்குவது என்று நின்றால் கால் கடுக்கிறது. கொடுப்பவரின் மகிழ்ச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பெட்டிகளும் சாய்கின்றன.

ஒரு பெட்டியைக் கட்டிப் பார்த்தேன்

அனுப்புவதற்காக அன்று, ஆய்வுக்காக ஒரு பெட்டியை நானே கட்டிப் பார்த்தேன். இன்று பலரும் அட்டைப் பெட்டிக்குப் பதிலாக ஏறத்தாழ 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளிருப்பவை தீர்ந்தபின்னும் தண்ணீர் மொள்ளவோ பொருள் போட்டு வைக்கவோ அந்த வீட்டுக்கு அது உதவும் என்பதால் எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. பாத்திரக் கடையில் கிடைத்தது, மேற்புறம் சுமார் 35 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் கொண்டது, அடிப்பகுதி குறுகலானது. 5–9 வயதுச் சிறுவனுக்கு என்று தீர்மானித்து ஒரு கால்பந்து, 25 செ.மீ. உயரமுள்ள பஞ்சுக் கரடி, ஒரு டி-ஷர்ட், இரண்டு நோட்டுகள், ஒரு டஜன் பென்சில், வண்ணப் பென்சில்கள், பென்சில் துருவி, அழிப்பான், எவர்சில்வர் டம்ளர், பல்துலக்கி, குளியல் சோப்பு, சிறு துண்டு, கைவிளக்கு, ஸ்கிப்பிங் கயிறு ஆகியவற்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பியபோது இரண்டு பெட்டிக்கான பொருள் இருந்தது.

முதலில் கற்ற பாடம், கடைக்காரர் கட்டித் தரும் உறையைக் கழற்றுவது. அட்டையும் அதன்மேல் குமிழாக எழும்பும் பிளாஸ்டிக்கும் பொருளைவிட இருமடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றன. உறை இல்லாவிட்டால் பரிசு என்ற களை போய்விடுமே என்று தோன்றியது. ஆனால் அந்தக் களை கடையின் களைதான், பரிசுக்கு அது தேவையில்லை. இரண்டாவது, கால்பந்து. சிறுவர் விளையாடும் 3-ஆம் எண் பந்தின் விட்டம் 19 செ.மீ. அளவுக்கு இருக்கும், ஊதிய நிலையில் 12 செ.மீ. உயரப் பெட்டியில் அது நுழையவே நுழையாது. காற்றை முழுமையாக எடுத்து ஒரு பாதியை மறுபாதிக்குள் அழுத்தினால் பந்து ஒரு கிண்ணமாகிவிடுகிறது. அந்தக் கிண்ணத்துக்குள் டம்ளர், டம்ளருக்குள் துருவியும் அழிப்பானும். நம் அம்மாக்கள் பயணத்துக்குப் பாத்திரம் அடுக்கும் முறைதான்: காலியாக எந்தக் குழிவும் போகக் கூடாது.

டி-ஷர்ட்டை மடிக்காமல் சுருட்டினேன். சுருட்டிய துணி ஓரத்தில் நின்று பெட்டிக்கு மெத்தையாகவும் ஆகிறது. சோப்பின் மணம் நோட்டில் ஏறாமலிருக்கத் தனி உறையில் கட்டி எதிர்மூலையில் வைத்தேன். மெழுகு வண்ணக் குச்சிகளைத் தவிர்த்து வண்ணப் பென்சில் எடுத்ததற்குக் காரணம், வெயிலில் நிற்கும் கொள்கலனின் வெப்பத்தில் மெழுகு இளகிவிடும் என்பது. பென்சில்களைச் சீவியே வைத்தேன். சீவாத பென்சிலும் துருவி இல்லாத வீடும் சேர்ந்தால் குழந்தையின் கையில் இருப்பது வெறும் குச்சி. கைவிளக்குக்குப் பேட்டரியைத் தனியாகவும், மாற்றுப் பேட்டரி ஒரு ஜோடியையும் வைத்தேன். உள்ளேயே போட்டு அனுப்பினால் வழியில் எங்கோ ஓர் இருட்டான பெட்டிக்குள் விளக்கு தானாக எரிந்து தீர்ந்துவிடலாம்.

கரடிதான் சிக்கல். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அது கேட்டது. எடுத்து வெளியே வைத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். அணைத்துத் தூங்க ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. முதலில் கண்ணில் பட்டு முகத்தை மலரவைக்கும் பொருள் ஒன்று பெட்டிக்கு அவசியம் என்றுதான் அனுபவப்பட்டவர்களும் சொல்கிறார்கள். ஆனால் பந்து ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. கடைசியில் பெரிய கரடியை விட்டுவிட்டு உள்ளங்கையில் அடங்கும் கரடி ஒன்றை வாங்கிவந்து நோட்டுகளுக்கு மேல் படுக்கவைத்தேன். அதற்கும் மேலே, மூடியைத் திறந்ததும் தெரியும்படி ஒரு கடிதம்.

கட்டி முடித்த பெட்டியைப் பக்கத்து வீட்டு 8 வயதுப் பையனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். கரடியை நகர்த்தினான், கடிதத்தைப் பார்க்கவே இல்லை, சப்பிக் கிடந்த பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குக் காத்தடிக்கிற பம்பு எங்கே?” என்றான். பந்துக்கு இடம் கண்டுபிடித்த பெருமையில் பம்பை நான் மறந்தேவிட்டிருந்தேன். சென்னையில் அது குற்றமில்லை. தெருமுனைச் சைக்கிள் கடையில் அடித்துக்கொள்ளலாம். சைக்கிள் கடை இல்லாத ஊரில் அந்தப் பந்து ஒரு தோல் கிண்ணமாகவே இருந்துவிடும். கைப்பம்பையும் ஊசியையும் சேர்ப்பதற்காகத் துண்டையும் ஒரு நோட்டையும் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பொருளைப் பெட்டியில் வைக்கும்போது அந்தப் பொருள் வேலைசெய்யத் தேவைப்படும் மற்றவை எல்லாம் குழந்தையின் வீட்டில் இருக்கும் என்று நாம் அறியாமலே எண்ணிக்கொள்கிறோம். துருவியும் பேட்டரியும் நினைவில் இருந்த எனக்கே பம்பு நினைவில் இல்லை.

மூடிக்குப் பசைநாடா ஒட்டக் கூடாது, ரப்பர் வளையம் போட்டால் போதும். வண்ணக் காகிதம் சுற்ற விரும்பினால் மூடிக்குத் தனியாகவும் பெட்டிக்குத் தனியாகவும் சுற்றவேண்டும். குழந்தைக்கு முன்னால் வேறொருவர் அதைத் திறக்கப்போகிறார் என்பதே காரணம்.

இடைவழியில் ஒரு கை

அமெரிக்காவில் நவம்பர் மூன்றாம் வாரத்தில், பெரும்பாலும் தேவாலயங்களில், பெட்டிகள் சேகரிக்கப்படுகின்றன. அங்கிருந்து பெரிய கிடங்குகளுக்குப் போகின்றன. அவற்றில் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பெட்டியையும் திறக்கிறார்கள். கூடாத பொருளை எடுக்கிறார்கள். அனுப்புதல் செலவுக்காக உள்ளே வைத்த பணத்தை முதலில் பிரித்துவிடுகிறார்கள். பெட்டி பாதி காலியாக இருந்தால் கிடங்கில் இருக்கும் பொருள்களால் நிரப்புகிறார்கள். அதன்பின்புதான் பசைநாடா.

இந்த இடைக் கையை வெறும் காவல்வேலையாக நினைத்துவிடக் கூடாது. பெட்டிக்குப் பெட்டி உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒரே இடம் இதுதான். கிராமத்துத் தேவாலயத்திலோ பள்ளித் திடலிலோ குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, எல்லார் கையிலும் பெட்டியைக் கொடுத்தபின் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வது வழக்கம். அந்தக் கணத்தின் சத்தத்துக்காகவே பலர் இதில் ஈடுபடுகிறார்கள். ஆனால் அதே கணத்தில்தான் ஒரு சிறுவன் தன் பெட்டியில் பந்தையும், அடுத்தவன் தன் பெட்டியில் காலுறையும் பல்துலக்கியும் மட்டும் இருப்பதையும் காண்கிறார்கள். வெளியே ஒன்றுபோல் தோன்றும் பெட்டிகள் உள்ளே ஒன்றாக இருப்பதில்லை. வீட்டில் இரு பிள்ளைகளுக்குப் பட்டாசு பிரித்துக் கொடுத்தவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. கிடங்கில் சேர்க்கும் நிரப்புப் பொருள் இந்த வேறுபாட்டைக் குறைக்குமே தவிர நீக்காது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் சேமப்படையினர் 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ திட்டத்தில் பெட்டி கிடையாது. உறை பிரிக்காத, காகிதம் சுற்றாத புதுப் பொம்மைகளை மட்டும் பெறுகிறார்கள். முதல் ஆண்டில் 5,000 பொம்மைகள் சேர்ந்தன. காகிதம் சுற்றாததால் எது எந்த வயதுக்கு என்று பார்த்துப் பிரிக்க முடிகிறது. குடும்பத்தின் கைக்குப் போனபின் பெற்றோரே சுற்றிக் கொடுக்கலாம். பொருத்தம் என்ற அளவில் அது மேலானது என்றே சொல்வேன். ஆனால் கொடுப்பவருக்குக் கடையிலிருந்து சேகரிப்புத் தொட்டிவரை மட்டுமே வேலை. உட்கார்ந்து, எடுத்து, வைத்து, இன்னொரு குழந்தையை ஒரு மாலைப்பொழுது முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதில் இல்லை. காலணிப் பெட்டித் திட்டம் பெருகியதற்கு, பெறும் குழந்தையைவிடக் கட்டும் குடும்பத்துக்கு அது தரும் அந்த மாலைப்பொழுதே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

பண்டிகை முடிந்தபின் வரும் பண்டிகைப் பரிசு

நவம்பரில் கட்டிய பெட்டி டிசம்பர் 25-க்குள் போய்ச் சேரும் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலான பெட்டிகளுக்கு அது நடப்பதில்லை. கிடங்கு, கொள்கலன், கப்பல், துறைமுகம், சுங்கம், லாரி, சில இடங்களில் படகும் கழுதையும் கடந்து போவதற்குள் புத்தாண்டும் கழிந்துவிடுகிறது. விநியோகம் அதன்பின் பல மாதங்கள் நடக்கிறது. ஏப்ரலில் பெட்டியைப் பிரிக்கும் குழந்தைக்கு, ஆண்டு அச்சிட்ட கிறிஸ்துமஸ் அலங்காரத்தால் ஒரு பயனும் இல்லை. பெட்டியின் மேல் பண்டிகை இருக்கட்டும், உள்ளே பண்டிகையின் தேதி இருக்கவேண்டாம் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை விதி. கதைப் புத்தகமும் இதேபோல் ஐயத்துக்குரியது. ஆங்கிலத்தில் எழுதிய கதை, ஆங்கிலம் படிக்காத குழந்தைக்கு அழகான காகிதம் மட்டுமே. எழுத்தில்லாத படப்புத்தகமோ கோடிட்ட வெற்று நோட்டோ எந்த நாட்டிலும் வேலைசெய்யும்.

விலையும் நோக்கமும்

ஒரு பெட்டிக்கு, உள்ளே வைத்த பொருளின் விலை போக, அனுப்புதல் முதலிய செலவுகளுக்காக அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் 10 டாலர் நன்கொடை கேட்கிறார்கள். இணையவழி பணம் செலுத்தி, அப்போது கிடைக்கும் கோட்டுக்குறியீட்டுச் சீட்டைப் பெட்டியில் ஒட்டினால், பெட்டி எந்த நாட்டுக்குப் போனது என்ற செய்தி மட்டும் திரும்பி வரும். அந்தத் தொகையோடு பொருள்களின் விலையையும் சேர்த்து அந்நாட்டுக்கே அனுப்பினால், உள்ளூர்க் கடையில் உள்ளூர் விலைக்கு இதைவிட நிறைய வாங்கலாம், கடைக்காரரும் பிழைப்பார் என்பது பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொல்லும் குறை. குறை சரியானதே. சீனாவில் செய்து அமெரிக்காவுக்குப் போன பென்சில், அங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போவதில் கணக்கு எதுவும் இல்லை. எனினும் பெட்டி கட்டும் குடும்பங்கள் அனைத்தும் பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அனுப்பிவைக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. என் வீட்டையே எடுத்துக்கொண்டால், அனுப்பாது.

மதம் பற்றிய குறை இதைவிட ஆழமானது. திட்டத்தை நடத்துவோர் தங்கள் நோக்கத்தை மறைப்பதில்லை: பெட்டியோடு கிறிஸ்துவைப் பற்றிய சிறு புத்தகத்தைக் குழந்தையின் மொழியில் தருகிறார்கள், விரும்பும் குழந்தைகளுக்கு ‘தி கிரேட்டஸ்ட் ஜர்னி’ என்ற 12 பாடங்கள் கொண்ட வகுப்பை உள்ளூர்த் தேவாலயம் நடத்துகிறது. கொடுப்பவருக்கு இது தெரிந்திருந்து, அதற்காகவே கொடுத்தால் அவரளவில் வழக்கில்லை. பிரிட்டனில் எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. பொதுப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டிய பெட்டிகள் மதப் பரப்புக்குப் பயன்படுவது பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே ரோட்டரி சங்கத்தினர் நடத்தும் காலணிப் பெட்டித் திட்டம் போல மதச்சார்பற்ற மாற்றுகளும் உள்ளன. பெட்டியின் சீட்டில் வயதைக் கேட்பவர்கள், பெட்டியோடு என்ன போகிறது என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதிவிட்டால் இந்த வழக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. பெறும் குழந்தையின் பெற்றோர் எந்த மதத்தவர், அவர்களைக் கேட்டார்களா என்ற மறுபாதி அப்போதும் எஞ்சியிருக்கும். அதற்குக் கட்டுபவரிடம் விடை இல்லை.

இரண்டாவது பெட்டி

முதல் பெட்டியைக் கட்ட ஒரு மாலை போதுமாக இருந்தது. யாரும் அதிகம் கட்டாத 10–14 வயதுச் சிறுவனுக்கான பெட்டியையும் கட்டிப் பார்க்கவேண்டும் என்று தொடங்கியது மூன்று நாள் இழுத்தது. பொம்மைக் கடையில் அவனுக்கு எதுவும் இல்லை. எழுதுபொருள் கடையில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும் கணக்கு நோட்டும் கிடைத்தன. இரும்புக் கடையில் நின்றபோதுதான் பெட்டி உருவம் பெறத் தொடங்கியது: முனை மாற்றும் திருப்புளி, சிறிய குறடு, மூன்று மீட்டர் அளவுநாடா. தூண்டில் நரம்பும் முள்ளும் திட்டத்தாரே பரிந்துரைக்கும் பொருள்கள். முள்ளை மட்டும் தக்கையில் குத்தி, டப்பாவில் அடைத்தேன், பிரிக்கும்போது தம்பி தங்கை கையை விட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஊசி, நூல், பொத்தான்கள் அடங்கிய சிறு பையை எடுத்தபோது கடைக்காரர் பையனுக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பந்தும் பம்பும் இந்த முறை சேர்ந்தே போயின.

ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருந்தது. 12 வயதில் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்து, இரண்டு சாவிகளுடன் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வைத்தேன். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அறையிலோ இல்லத்திலோ வளரும் பையனுக்குத் தனக்கென்று பூட்டி வைக்க ஏதாவது இருக்கலாம் என்பது என் ஊகம். பூட்டு கனமானது என்பதால் இரண்டு முறை எடுத்துவிட்டேன். இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டு, மூடியின் மேல் ரப்பர் வளையத்தைப் போட்டேன்.